கடற்கரைப் பாட்டுக் குழாயைத் தேடி ஒரு சனிக்கிழமை

காட்பாடியில் நாங்கள் ரயில் ஏறியபோது இன்னும் விடியவில்லை. பங்குனித் திருவிழா முடிந்த அடுத்த வாரம் அது. நானும் என் அக்கா தனமும் சென்னைப் பட்டணத்துக்குக் கிளம்பினோம். காசு கொட்டாமல் பட்டணம் பார்க்க முடியாது என்று எங்கள் வேலூர்க் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பொய்யாக்கிக் காட்டுவது என் நோக்கம். அக்காவின் நோக்கம் வேறு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாள் முழுவதும் நாங்கள் ஏன் அப்படி ஓடினோம் என்பது உங்களுக்கு விளங்காது.

அக்காவுக்கு ஒரே மகள், மரகதம். நான்கு வருஷத்துக்கு முன்னால் சூசை என்கிற பள்ளிக்கூட வாத்தியாரைக் கலியாணம் செய்துகொண்டு, அவருடைய கிறிஸ்தவ வேதத்திலும் சேர்ந்து, சாந்தோமுக்குக் குடிபோய்விட்டாள். சேதி தெரிந்த அன்றே அக்காவின் வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா, அம்மன் சந்நிதியில் கற்பூரம் ஏற்றினார். “இனி அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன்” என்று சொல்லி உள்ளங்கையால் அதை அணைத்தார். மறுபடி ஏற்றி அக்காவையும் அணைக்கச் சொன்னார். அக்காவும் அதே வார்த்தையைச் சொல்லி அணைத்தாள். கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மீறுவதில்லை. மாமா பொல்லாதவர் அல்லர். வார்த்தை தவறாதவர், அவ்வளவுதான். சில சமயம் அதுவே வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய பாரமாகிவிடுகிறது.

மரகதம் எனக்கு மட்டும் எப்போதாவது கார்டு போடுவாள். போன வாரம் வந்த கார்டில் இப்படி எழுதியிருந்தாள்: “வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ரேடியோவில் பாடுகிறேன். கடற்கரையில் கம்பத்தின்மேல் குழாய் கட்டியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் நின்று கேட்கலாம், காசு இல்லை. அம்மாவிடம் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.”

அக்காவுக்கு எழுத்து தெரியாது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் நான் அதை வாசித்துக் காட்டினேன். அவள் கை நிற்கவில்லை. கட்டுக் கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்த பிறகு சொன்னாள்:

“மொகத்தைப் பாக்க மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். கொரலைக் கேக்க மாட்டேன்னு பண்ணலையே.”

இந்தப் பிரயாணம் அப்படிக் கிளம்பியதுதான். மாமாவிடம் கபாலி கோயிலைப் பார்க்கப் போகிறோம் என்றோம். அதுவும் பொய்யில்லை.

காலை ஒன்பது மணிக்கு சென்ட்ரல் வந்து சேர்ந்தோம். எதிரிலிருக்கும் சத்திரத்தில் மூட்டையை வைத்தோம். வெளியூர்க்காரர் மூன்று நாள் வரை சும்மா தங்கலாம். பாயும் தண்ணீரும் உண்டு, சாப்பாடு நம் பாடு. அங்கிருந்து மயிலாப்பூருக்கு டிராம். ஆளுக்கு ஓரணா. முன் பெஞ்சில் உட்கார்ந்தால் மவுண்ட் ரோட்டின் கண்ணாடிக் கடைகளை எல்லாம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போகலாம். டிக்கெட்டுக்கு இதுவே மிகுதி என்று நான் நினைத்தேன். அக்கா ஒரு கடையையும் பார்க்கவில்லை. கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்பா, ஆறு மணிக்குப் பாடுற குழா எங்க கீது?”

“பீச்சுல கீதும்மா. அதுக்கு இப்பவே கெளம்பிட்டியா? மணி ஒம்போதரைதான் ஆவுது.”

“முன்னாடி போனா ஏதாவது தப்பா?”

“தப்பு ஒண்ணும் இல்ல. சோறு கட்டிக்கினு வந்தியா?”

“கட்டிக்கினுதான் வந்தேன்.”

“அப்ப நீ விவரமான ஆளுதான்,” என்று சொல்லிவிட்டு அவன் மணிக்கயிற்றை இழுத்தான்.

பத்தரை மணிக்கு மயிலாப்பூர். கோயில், குளம், குளக்கரை மண்டபம் எல்லாவற்றையும் பார்க்க ஒரு தம்படி செலவில்லை. வாகனங்கள் திருவிழாவின் களைப்பு தீராதவைபோல மண்டபத்தில் துணி போர்த்தி நின்றன. உச்சிகாலத்துக்கு நாகசுரம் வாசித்தார்கள். எங்கள் ஊரில் கலியாணத்துக்குக்கூட இப்படி ஒரு வாசிப்பைக் கூப்பிட முடியாது. இங்கே பத்துப் பேர் தூணில் சாய்ந்து தினப்படிச் சோறுபோல அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவும் கண்ணை மூடிக் கேட்டாள். பக்தி என்று நினைத்தேன். “எவ்வளவு தூரத்துல நின்னா எவ்வளவு கேக்குதுன்னு பாக்குறேன்டா,” என்றாள்.

பகல் பன்னிரண்டுக்கு அருகில் இருந்த இலவச வாசகசாலைக்குப் போனோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு யாரும் போகலாம், பத்திரிகை படிக்கலாம், மின்சார விசிறி உண்டு. வெயில் நாளில் அந்த விசிறியே ஒரு க்ஷேத்திரம். மூக்குக் கண்ணாடி போட்ட நூலகர் ஒருவர், நான் ரேடியோ நிகழ்ச்சியைத் தேடுகிறேன் என்றதும் தினசரியைப் பிரித்துக் காட்டினார்.

“ஆறே காலுக்குப் பள்ளிக்கூடக் குழந்தைகள் சங்கீதம்னு போட்டிருக்கு. பேர் போடலை.”

“என் பொண்ணு கொழந்தை இல்ல, சாமி. இருவத்திரண்டு வயசு,” என்றாள் அக்கா.

“அப்போ சொல்லிக்கொடுக்கிற டீச்சரா இருப்பாம்மா. அவாளும் நடுவிலே ஒண்ணு பாடுவா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எங்காத்துல ரேடியோ கெடையாது. நானும் அந்தக் கம்பத்தடியிலே நின்னுண்டுதான் கேக்கறேன். ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்கோங்கோ. குழாய்க்கு மேற்கே நில்லுங்கோ. சாயங்காலம் சமுத்திரத்துலேர்ந்து காத்து வரும். கெழக்கே நின்னா உங்க பாட்டைக் காத்து திருவல்லிக்கேணிக்காராளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துடும்.”

அக்கா “மேக்கே, மேக்கே” என்று இரண்டு தரம் முணுமுணுத்துக்கொண்டாள்.

அடுத்து அடையாறு. இது என் பிடிவாதம். ஆற்றங்கரைத் தோட்டத்தில் இருக்கும் ஆலமரத்தைப் பார்க்காமல் திரும்பினால் கடைத்தெருவில் என்னைக் கேலி செய்வார்கள். பஸ்ஸுக்கு ஆளுக்கு ஒன்றரையணா. பாலம் தாண்டி இறங்கி, வாயிற்காவலரிடம் கேட்டால் விடுகிறார். தாய் மரம் எது, விழுது எது என்று தெரியாமல் ஒரே மரம் ஒரு கொட்டகைபோலப் பரவிக் கிடக்கிறது. எங்கள் ஊர்ச் சந்தை முழுவதையும் அதன் நிழலில் கூட்டலாம். மழை வந்தாலும் கலைக்க வேண்டாம். கட்டிச்சோற்றை அங்கே பிரித்தோம். நான் விழுதுகளை எண்ண ஆரம்பித்தேன். அக்கா சூரியனை அண்ணாந்து பார்த்து, “போதும், எழுந்திரு,” என்றாள்.

மணி மூன்று. வந்து பார்த்தால் பஸ் சாலையோரத்தில் ஒரு சக்கரம் இல்லாமல் நிற்கிறது.

“எவ்வளவு நேரம்பா ஆவும்?” என்றாள் அக்கா.

“அரை மணிதாம்மா.”

“அரை மணின்னா அரை மணியா?”

“அதை டயராண்ட கேளு,” என்றான் பஸ்காரன்.

அக்கா டயரைப் பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வடக்கே நடக்க ஆரம்பித்தாள். ஐம்பது வயது, முழங்காலில் வாயு. “அக்கா, நாலு மைலுக்கு மேலே இருக்கு,” என்றேன். “அதுக்குத்தான் மூணு மணிக்கே நடக்குறேன்,” என்றாள்.

பாலத்தில் காலியான மீன் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. வழி கேட்டேன். நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாட்டுக் குழாக்கா? நானும் அங்கதான் போறேன். சனிக்கெளமைன்னா சாந்தோம் ஊட்டுல கூடையப் போட்டுட்டு நேரா அங்கதான். வா. ரோட்டுல போனா கால் வெந்துரும், கரையோரமாப் போலாம்.”

பெயர் சவரியம்மா. அடையாற்றுப் பங்களாக்களில் மீன் விற்பவள். நடந்த நடையிலேயே நாலு பங்களாக் கதையைச் சொன்னாள். ஒரு வீட்டு அம்மாள் வஞ்சிரத்தைக் கையில் எடுத்து அரை மணி பேரம் பேசிவிட்டு நெத்திலி வாங்குவாளாம். “அவ மீன் வாங்க வர்ல, பேச வர்றா. பேசினதுக்கு நான்தான் காசு வாங்கணும்.” இப்படிப்பட்ட பேச்சை நான் எங்கே கேட்டாலும் காகிதத்தில் குறித்துக்கொள்வது வழக்கம். அன்று மணலில் கால் புதையப் புதைய நடந்ததில் முக்கால்வாசி விட்டுப்போயிற்று.

சாந்தோம் கோயில் கோபுரம் தெரிந்ததும் அக்காவின் நடை ஒருமுறை தடுமாறியது. எந்தத் தெரு, எந்த வீடு என்று அவளுக்குத் தெரியாது. முந்தானையை இழுத்து முகத்தின் இடப்பக்கம் மறைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடியே அந்தப் பேட்டையைத் தாண்டினாள். தற்செயலாகக்கூட அவள் கண்ணில் மகள் பட்டுவிடக் கூடாது. சவரியம்மா, “வெயிலா?” என்று கேட்டாள். “ஆமா,” என்றாள் அக்கா. சூரியனும் அப்போது அந்தப் பக்கம்தான் இருந்தது. சவரியம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. கூடையை ஒரு குடிசையில் வீசிவிட்டு வந்தாள்.

ஐந்தரைக்குக் கடற்கரை. மீன் காட்சிசாலை ஒன்று அங்கே இருக்கிறது. கண்ணாடித் தொட்டிகளில் உயிர் மீன்களைக் குறைந்த கட்டணத்தில் பார்க்கலாம். “அஞ்சே நிமிஷம்,” என்று கெஞ்சினேன். “மீன் நாளைக்கும் நீந்தும்,” என்றாள் அக்கா. மாம்பலத்தில் இறங்கித் தியாகராய நகரின் புதுப் பூங்காவில் நடக்க வேண்டும் என்று போட்டிருந்த திட்டமும் இதோடு போயிற்று. பூங்காவுக்குக் கட்டணமில்லை என்று கேள்வி. போகிறவர்கள் போய்ப் பாருங்கள்.

கம்பம் மூன்று ஆள் உயரம். உச்சியில் ஊமத்தம் பூவைப்போல விரிந்த தகரக் குழாய். கீழே மணலில் குமாஸ்தாக்கள், குடும்பத்துக்காரர்கள், சுண்டல் விற்பவர்கள், குப்பத்து ஜனங்கள் எல்லாரும் வரிசை பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். காலணாச் சுண்டல் வாங்கினால் இரண்டு மணி நேரக் கச்சேரி. அக்கா காற்றை முகத்தில் வாங்கிப் பார்த்து, மேற்கே ஓர் இடம் தேர்ந்து, பிறகு செய்த காரியம்தான் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. குழாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள்.

“பெரியம்மா, கொயா அந்தாண்ட கீது,” என்றான் ஒருவன்.

“தெரியும்.”

“கொயா மேல கோவமா?” என்று இன்னொருவன் கேட்க, சிரிப்பு பரவியது.

நான் குனிந்து காதோடு கேட்டேன். அக்கா மெதுவாகச் சொன்னாள்: “போன வருஷம் கொட்டாயில பேசற படம் காட்டினாங்களே, கொரல் வந்தப்ப மூஞ்சியும் கூடவே வந்திச்சா இல்லியா?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. குரலும் முகமும் ஒன்றாகவே வரும் என்று அவள் நாள் முழுக்க அஞ்சிக்கொண்டு வந்திருக்கிறாள். இதில் முகம் வராது, வெறும் தகரம்தான் என்று நான் சொன்னேன். “உனக்குத் தெரியுமா? முன்னே கேட்டிருக்கியா?” என்றாள். நானும் அன்றுதான் முதன்முறை கேட்கிறேன்.

ஆறே காலுக்குக் குழந்தைகள் கும்மி பாடினார்கள். பிறகு குழாய் கரகரத்தது. “அடுத்தபடியாக ஸ்ரீமதி அருளம்மாள்,” என்றது ஒரு குரல்.

“யாரோ,” என்றாள் அக்கா. அவள் தோள் சரிந்தது.

பாட்டு எழும்பியது. முதல் அடி முடிவதற்குள் அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. நான்கு வருஷத்தில் பெயர் மாறியிருக்கிறது, குரல் மாறவில்லை. மேலே போகும்போது கொஞ்சம் மூக்கில் பாடுகிற அதே மரகதம். அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. கட்டுக் கீரையை ஆய்வதுபோல அந்தப் பாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்றாம் அடியில் அவள் பிடி இறுகியது. நாலாம் அடியில் இன்னும் இறுகியது.

பாட்டு முடிந்தது. அக்கா முக்காட்டை விலக்கினாள்.

“ஒரு அடிக்கு ரெண்டு தடவை மூச்சு வாங்குறா. ஒரே மூச்சுல இழுத்துப் பாடுற பொண்ணு. அடிவயித்துல இடம் இல்லடா அவளுக்கு. ஏழு மாசம்.”

“சளியா இருக்கும், அக்கா.”

“சளி மூக்குல பேசும். இது வயித்துலேர்ந்து பேசுது.”

பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்த சவரியம்மா இதைக் கேட்டுத் திரும்பினாள். “நம்ம வாத்தியாரூட்டு அருளம்மாவைச் சொல்றியா? ஏயு மாசந்தான். வர்ற வாரம் நாங்களே வளவி போட்லாம்னு கீறோம். எங்க ஜனத்துலயும் அது உண்டு. பெத்தவ வராம இன்னா பண்றதுன்னு அது குந்திக்கினு…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பாலத்திலிருந்து நாங்கள் அவளிடம் சொல்லாததெல்லாம் அவளுக்கு அந்த ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. “ஏய்ந்திரு,” என்றாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில். எங்கள் பக்கத்தில் இதை மாற்றிச் சொல்ல ஆளில்லை. பரம ஏழைகூடக் கடன்பட்டாவது மகளுக்கு வளையல் அடுக்கி வீட்டுக்கு அழைத்து வருவான். ஒருபுறம் அணைத்த கற்பூரம், மறுபுறம் இந்த வழக்கம். இரண்டுக்கும் நடுவில் என் அக்கா சாந்தோம் சாலையில் நடந்தாள். வழியில் ஒரு வளையல்காரன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். திறக்கச் சொன்னாள்.

“பச்சையும் செவப்பும் கலந்து குடு. ஒத்தைப்படையா இருக்கட்டும்.”

“அளவு?”

“அவ கைக்குச் சின்னதுதான். இப்ப வீங்கிக் கெடக்கும். ஒரு சுத்துப் பெரிசாக் குடு.”

ஏழரை மணிக்குக் கொஞ்சம் முன்னதாக வாத்தியார் வீட்டு வாசலில் நின்றோம். சிறிய ஓட்டு வீடு. உள்ளறைக்கு ஒரு துணித் திரை. மரகதம் ஜட்காவில் வந்து இறங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. சூசை வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, “வாங்க மாமா,” என்றார். பின்னால் அக்காவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சவரியம்மா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஏதோ சொன்னாள். திரைக்குப் பின்னால் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

“அம்மா.”

“அங்கயே இரு. திரையை விலக்காதே. கையை மட்டும் நீட்டு.”

பிறகு திரையின் ஓரத்தில் ஒரு வலது கை வந்தது. விரல்கள் வீங்கித்தான் இருந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து அந்தக் கையை மடிமேல் வைத்துக்கொண்டாள். தேங்காயெண்ணெய் தொட்டு, விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அமுக்கி, ஒரு வளையல்கூட உடையாமல் ஏற்றினாள்.

“கை பெருத்திருக்கும்னு எப்படிம்மா தெரிஞ்சுது?” என்றது திரை.

“பாட்டுல சொன்னியே.”

“நான் சொல்லலையே.”

“மூணாம் அடியில சொன்னே. நாலாம் அடியில மறுபடியும் சொன்னே. அந்தக் கையைக் குடு.”

இடது கை வந்தது. வலது கை போகவில்லை. அதுவும் அங்கேயே இருந்தது. திரைக்குப் பின்னால் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். சூசை முற்றத்தில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, “உள்ளே கூப்பிடலாமா மாமா?” என்று கேட்டார். “இப்ப நடக்கறது நடக்கட்டும், தம்பி,” என்றேன். சவரியம்மா மட்டும் சும்மா இருக்கவில்லை. “இன்னாம்மா இது, பேங்கியில பணம் வாங்குற மாதிரி சன்னலாண்ட குந்திக்கினு,” என்றாள். அக்கா அதற்குச் சிரித்தாள். நான்கு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கிளம்பும்போது அக்கா மகளின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, “நடை குறைக்காதே. மாடிப்படி ஏறாதே. வைகாசிக்கு முன்னாடி வந்து அழைச்சுக்கினு போறேன்,” என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. திரை விலகவுமில்லை.

மறுநாள் காலை ரயில். பட்டணம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு நாளில் எனக்கும் அக்காவுக்கும் ரயில் சார்ஜ் நீங்கலாக ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. கோயில், நாகசுரம், வாசகசாலை, மரம், கடல், ரேடியோ எல்லாம் கிடைத்தன. எங்கள் ஊரில் பாட்டு வேண்டுமானால் பெரிய மனிதர் வீட்டில் விசேஷம் வர வேண்டும், நம்மையும் கூப்பிட வேண்டும். பட்டணத்தில் ஒரு கம்பம் நட்டு, கூப்பிடாதவர்களுக்கும் சேர்த்துப் பாட வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். அக்கா காது கொடுக்கவில்லை. “சத்தியத்தை என்ன பண்ணப் போறே? கண்ணைக் கட்டிக்கினா பிரசவம் பாப்பே?” என்று கேட்டபோது மட்டும், “அது ரெண்டு பேரு பண்ண சத்தியம். ரெண்டு பேருந்தான் போய் அம்மன்கிட்ட பேசணும்,” என்றாள்.

காட்பாடியில் மாமா வண்டியோடு நின்றிருந்தார். மூட்டையை வாங்கிக்கொண்டார்.

“என்ன பாத்தே பட்டணத்துல?”

“ஒண்ணும் பாக்கல,” என்றாள் அக்கா. அது அட்சரம் பிசகாத உண்மை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். “வைகாசிக்கு முன்னாடி பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். ஆள் சொல்லுங்க.”

மாமா மாட்டின் கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். பின்கட்டு அறையில்தான் மரகதம் பிறந்தாள். அவருக்கு அது நினைவில்லாமல் இருக்காது. ரயில் புகை விட்டுக் கிளம்பி, பிளாட்பாரம் முழுதும் அடங்கியது.

“அங்க ஓடு ஒண்ணு ஒழுகுது,” என்றார் கடைசியில். “அதையும் மாத்திடச் சொல்றேன்.”